ஒரே பைபிள், இரண்டு சபை: அமெரிக்கா உடையும் முன்பே திருச்சபைகள் உடைந்தது ஏன்?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-ல் தொடங்கியது. வடக்கு ஒரு பக்கம், தெற்கு ஒரு பக்கம், நடுவில் ஆபிரகாம் லிங்கன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் அதற்கு 16, 17 வருஷம் முன்பே அந்த நாட்டின் பெரிய புராட்டஸ்டன்ட் சபைகள் அதே கோட்டில் இரண்டாகப் பிளந்துவிட்டன. மெதடிஸ்ட் சபை 1844-ல் பிரிய முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே பாப்டிஸ்ட் சபையும் பிரிந்தது.

காரணம், அடிமை முறை. அடிமை முறை பாவமா இல்லையா என்ற வாக்குவாதம் பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதுவரை சபை உடையவில்லை. அடிமை வைத்திருப்பவர் பிஷப்பாக இருக்கலாமா, மிஷனரியாகப் போகலாமா என்ற கேள்வி வந்தபோதுதான் உடைந்தது. கேட்டால் ஏதோ ஆபீஸ் நியமனத் தகராறு மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் லட்சக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கை இருந்தது. 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் 39.5 லட்சம் பேர்.

கிட்டி என்ற பெண்ணும் ஒரு பிஷப்பும்

1844 மே மாதம். நியூயார்க்கில் மெதடிஸ்ட் சபையின் பொது மாநாடு நடக்கிறது. ஒட்டுமொத்த மாநாட்டையும் ஆட்டிவைத்த பெயர் ஜேம்ஸ் ஆஸ்குட் ஆண்ட்ரூ. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பிஷப்.

அவர் வீட்டில் கிட்டி என்ற அடிமைப் பெண் இருந்தாள். ஆகஸ்டா நகரில் ஒரு பெண்மணி இறக்கும்போது கிட்டியை பிஷப்பின் பொறுப்பில் விட்டுச் சென்றாராம். கிட்டிக்கு 19 வயதானதும், அவள் சம்மதித்தால் விடுதலை செய்து ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. வயது வந்ததும் கேட்டார்கள், அவள் போக மறுத்துவிட்டாள், ஜார்ஜியா சட்டப்படி அங்கேயே வைத்து விடுதலை செய்யவும் வழியில்லை என்பது பிஷப் தந்த விளக்கம். இதுபோக முதல் மனைவி வழியாக வந்த ஒரு சிறுவன். 1844 ஜனவரியில் மறுமணம் செய்துகொண்ட பெண்ணுக்கும் சொந்தமாக அடிமைகள் இருந்தார்கள்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கதையில் நமக்குத் தெரிந்ததெல்லாம் பிஷப்பும் அவர் நண்பர்களும் சொன்னதுதான். முன்பின் தெரியாத கண்டத்துக்குத் தனியாகப் போ, இல்லாவிட்டால் அடிமையாகவே இரு என்று 19 வயதுப் பெண்ணிடம் கேட்பதை 'அவளே விரும்பி இருந்தாள்' என்று எழுதிவைத்தார்கள். ஜார்ஜியாவின் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் அவள் வசித்ததாகச் சொல்லப்படும் சின்ன வீடு இன்றும் 'கிட்டியின் குடில்' என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது. பல காலம் அது எஜமானரின் கருணைக்கு அடையாளமாகவே காட்டப்பட்டது.

சரி, பிஷப் விஷயத்தில் மட்டும் வடக்குக்காரர்கள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தார்கள்? சாதாரண உறுப்பினர்கள், ஊழியர்கள் பலர் அடிமைகளை வைத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

மெதடிஸ்ட் பிஷப் ஒரே ஊரில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. நாடு முழுக்கச் சுற்றி வருவார். எந்தப் போதகர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று நியமிப்பதும், புதியவர்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதும் அவர்தான். அதாவது அடிமை ஒழிப்புக்காகத் தெருவில் இறங்கிப் போராடும் நியூ இங்கிலாந்து சபைக்கு, அடிமைகளின் எஜமானர் ஒருவர் வந்து தலைமை தாங்குவார். இதை அவர்களால் விழுங்க முடியவில்லை.

தெற்குக்காரர்கள் சட்டப் புத்தகத்தைத் திறந்தார்கள். விடுதலை செய்ய மாநிலச் சட்டம் அனுமதிக்காத இடத்தில் அடிமை வைத்திருப்பது குற்றமில்லை என்று சபை விதியே சொல்கிறது. பிஷப் எந்த விதியையும் மீறவில்லையே என்றார்கள். எழுத்துப்படி பார்த்தால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. விதியே அப்படி வளைக்கப்பட்டிருந்தது என்பதுதான் பிரச்சினை.

ஆண்ட்ரூ ராஜினாமா செய்யக்கூடத் தயாராக இருந்தார். தெற்குப் பிரதிநிதிகள் விடவில்லை. ஜூன் 1-ம் தேதி வாக்கெடுப்பு. இந்தத் தடை நீங்கும்வரை பிஷப் தன் பணிகளிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்ற தீர்மானம் 110-க்கு 68 என்ற கணக்கில் நிறைவேறியது. அடுத்த சில நாட்களிலேயே பிரிந்து போவதற்கான திட்டமும் தயாரானது. 1845 மே மாதம் லூயிவில் நகரில் தெற்குக்கென்று தனி மெதடிஸ்ட் சபை உருவானது. சொத்துப் பங்கீட்டில் வழக்கு வந்து, அச்சகம், பதிப்பக வருமானத்தில் தெற்குக்கும் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் முடிந்தது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரியேதான்.

எதிர்ப்பில் தொடங்கியவர்கள் எப்படி இறங்கி வந்தார்கள்?

மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி அடிமை முறையின் கடும் எதிரி. 1774-ல் அதைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். 1784-ல் பால்டிமோரில் அமெரிக்க மெதடிஸ்ட் சபை தொடங்கியபோது, உறுப்பினர்கள் தங்கள் அடிமைகளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விடுதலை செய்ய வேண்டும், முடியாதவர்கள் வெளியேறலாம் என்று விதி போட்டார்கள். ஆறே மாதம். எதிர்ப்பு தாங்காமல் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது.

பிறகு ஒவ்வொரு படியாக இறக்கம். 1808-ல் நடந்ததுதான் இதன் உச்சம். சபை ஒழுங்குமுறைப் புத்தகத்தில் அடிமை முறைக்கு எதிரான பகுதியை எடுத்துவிட்டு, தென் கரோலினாவுக்கென்று தனியாக 1,000 பிரதிகள் அச்சடிக்க அனுமதி கொடுத்தார்கள். ஒரே சபை, ஒரே விதி, ஆனால் ஊருக்கு ஏற்ற மாதிரி புத்தகம்!

நடுவில் என்ன மாறியது? பருத்தி. 1793-ல் எலி விட்னியின் பருத்தி அரவை எந்திரம் வந்தபின் தெற்கில் பருத்தித் தோட்டங்கள் பரவின. 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-க்குள் ஐந்து மடங்குக்கும் மேல் பெருகியது. முதலில் சபைகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழை விவசாயிகள். ஒரு தலைமுறை போனதும் அதே சபைகளின் முன்வரிசையில் தோட்ட முதலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் காணிக்கையில்தான் கட்டடமும் கல்லூரியும் எழுந்தன.

எல்லோரும் இப்படி வளையவில்லை. குவேக்கர்கள் 1688-லேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் அடிமை முறைக்கு எதிராக ஒரு மனு எழுதினார்கள். அவர்கள் தலைமை அதை ஓரமாக வைத்துவிட்டது என்பதும் உண்மை. முழுதாக முடிவெடுக்க 1776 ஆனது. அந்த ஆண்டு பிலடெல்பியா குவேக்கர்கள், அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று அறிவித்தார்கள். எண்ணிக்கையில் சின்ன கூட்டம். பேராசைக்கு விலையாக உறுப்பினர்களை இழக்கவும் தயாராக இருந்தது.

பைபிளில் யார் பக்கம் வலுவாக இருந்தது?

இன்று படிக்கும்போது இது சங்கடமான இடம். அந்தக் காலத்து வாதத்தில், வசனத்தை எடுத்துக் காட்டுவது தெற்குக்கு எளிதாக இருந்தது.

ஆபிரகாமுக்கு அடிமைகள் இருந்தார்கள் என்றார்கள். மோசேயின் சட்டம் அதை ஒழுங்குபடுத்துகிறதே தவிர தடை செய்யவில்லை என்றார்கள். எபேசியருக்கு எழுதின நிருபத்தில், வேலைக்காரர்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் சொல்கிறாரே என்றார்கள். தப்பி ஓடிய ஓநேசிமுவை அவன் எஜமான் பிலேமோனிடமே பவுல் திருப்பி அனுப்பினார் என்பது அவர்களுக்குப் பிடித்த உதாரணம். நோவா தன் பேரன் கானானைச் சபித்த கதையை ஆதியாகமத்திலிருந்து எடுத்து, அந்தச் சாபம் கறுப்பு நிறத்தவர்கள் மேல் விழுந்தது என்றும் சொன்னார்கள். அந்த அத்தியாயத்தில் தோல் நிறம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனாலும் இந்தக் கதைதான் சாதாரண மக்களிடம் அதிகம் ஓடியது.

எதிர்த்தரப்பு? தப்பி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்காதே என்ற உபாகமத்தின் கட்டளையைக் காட்டினார்கள். ஆளைத் திருடி விற்பவனுக்கு யாத்திராகமம் மரண தண்டனை விதிக்கிறதே, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றியது ஆள் திருட்டு இல்லாமல் வேறென்ன என்று கேட்டார்கள். ஓநேசிமுவை இனி அடிமையாக இல்லாமல் சகோதரனாக ஏற்றுக்கொள் என்றுதானே பவுல் எழுதினார் என்று அதே கதையைத் திருப்பிப் போட்டார்கள். ஆனால் அவர்களின் பெரிய பலம் தனி வசனங்களில் இல்லை. பிறர் உனக்குச் செய்ய வேண்டும் என்று நீ விரும்புவதை நீ அவர்களுக்குச் செய் என்ற பொதுப் போதனையில் இருந்தது. வசனத்துக்கு வசனம் எண்ணிப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை.

அடிமைகள் கேட்ட பைபிள் வேறு

இந்த விவாதத்தை வெள்ளைப் போதகர்களின் சண்டையாக மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் வரும்.

ஆரம்பத்தில் எஜமானர்களுக்கு ஒரு பயம் இருந்தது. அடிமைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் அவன் சக கிறிஸ்தவன் ஆகிவிடுவான், அப்புறம் எப்படி அடிமையாக வைத்திருப்பது? வர்ஜீனியா 1667-ல் சட்டம் போட்டு அந்தப் பயத்தைப் போக்கியது. ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான் என்றது அந்தச் சட்டம்.

பயம் அத்தோடு தீரவில்லை. பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்காக 1807-ல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. முழு பைபிளில் 1,189 அதிகாரங்கள். இதில் 232 மட்டும். இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வெளியேறும் பகுதி இல்லை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதி பத்திரமாக இருந்தது. எதை வெட்டினார்கள் என்பதைப் பார்த்தாலே எது அவர்களைப் பயமுறுத்தியது என்று தெரிந்துவிடும்.

ஆனால் மோசேயின் கதையை மறைக்க முடியவில்லை. அமெரிக்கத் தெற்கில் இரவு நேரத்தில் அடிமைகள் காட்டுக்குள்ளும் ஓடைக்கரையிலும் ரகசியமாகக் கூடி ஜெபித்தார்கள். சத்தம் வெளியே போகாமல் இருக்கட்டும் என்று பெரிய இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைப்பார்களாம். விடுதலைக்குப் பிறகு உயிரோடு இருந்த பலர் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அடிமைகளைத் தப்பவைத்த ஹாரியட் டப்மனுக்கு மக்கள் வைத்த பெயரே 'மோசே'.

ரிச்சர்ட் ஆலன் அடிமையாகப் பிறந்தவர். மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் பிரசங்கத்தைக் கேட்டு மனம் மாறிய அவருடைய எஜமானர், பணம் கட்டி விடுதலை வாங்கிக்கொள்ள அனுமதித்தார். பிறகு பிலடெல்பியாவில் போதகரானார். அங்கே செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் முழங்காலில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரைப் பாதி ஜெபத்திலேயே எழுப்பி வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் எழுந்து, இடம் மாறாமல், ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். 1816-ல் ஆலன் தலைமையில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபை தனியாக உருவானது.

இந்தச் சபையின் கிளை ஒன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் இருந்தது. 1822-ல் டென்மார்க் வீசி என்ற விடுதலை பெற்ற தச்சர் அங்கே அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றம்சாட்டப்பட்டு, அவர் உட்பட 35 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர் போய்வந்த ஆலயம் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் அந்த மாநில பாப்டிஸ்ட் தலைவர் ரிச்சர்ட் ஃபர்மன், அடிமை வைத்திருப்பதை வேதம் ஆதரிக்கிறது என்று ஆளுநருக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். இடிக்கப்பட்ட ஆலயத்தின் வாரிசுதான் இமானுவேல் ஆலயம். 2015 ஜூனில் வெள்ளை இனவெறியன் ஒருவன் வேதபாட வகுப்பில் 9 பேரைச் சுட்டுக் கொன்றானே, அதே இடம்.

தப்பி வந்து உலகப் புகழ்பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியது சபைகளை நேரடியாகத் தாக்கியது. அவருடைய எஜமானர் தாமஸ் ஆல்ட் 1832-ல் ஒரு மெதடிஸ்ட் எழுப்புதல் கூட்டத்தில் மனம் திரும்பினார். இனியாவது இரக்கம் வரும் என்று டக்ளஸ் நம்பினார். நடந்தது நேர்மாறு. முன்பைவிடக் கொடூரமாக மாறிய அவர், சாட்டையால் அடிக்கும்போதே வசனமும் சொன்னாராம். தான் எதிர்ப்பது கிறிஸ்துவின் மதத்தை அல்ல, எஜமானர்களின் மதத்தை என்று டக்ளஸ் அந்த நூலின் பின்னிணைப்பில் விளக்கம் கொடுத்தார்.

பாப்டிஸ்டுகள் வைத்த 'டெஸ்ட்'

பாப்டிஸ்ட் சபைக்கு பிஷப் கிடையாது. அங்கே பிரச்சினை மிஷனரி வழியாக வந்தது. 1844-ல் ஜார்ஜியா பாப்டிஸ்டுகள் ஜேம்ஸ் ரீவ் என்பவரை உள்நாட்டு மிஷன் சங்கத்துக்குப் பரிந்துரைத்தார்கள். அவர் அடிமைகளை வைத்திருப்பவர் என்பதை மறைக்கவில்லை. சங்கம் என்ன செய்கிறது பார்ப்போம் என்றே அனுப்பினார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே முடியாது என்று நிர்வாகக் குழு கைவிரித்தது. அடுத்து அலபாமா பாப்டிஸ்டுகள் பாஸ்டனில் இருந்த வெளிநாட்டு மிஷன் வாரியத்திடம் நேரடியாகக் கேட்டார்கள். அடிமைகளைச் சொத்தாக வைத்துக்கொள்வேன் என்று வற்புறுத்துபவரை நியமிக்க முடியாது என்று பதில் வந்தது.

1845 மே மாதம், ஆகஸ்டா நகரில் கூடி 'தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷன்' தொடங்கினார்கள். இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பு அதுதான்.

பிரஸ்பிட்டேரியன்கள் 1837-லேயே ஒருமுறை பிரிந்திருந்தார்கள். அப்போது வெளியே சொன்ன காரணம் இறையியல். வடக்கு, தெற்கு என்ற வெளிப்படையான பிளவு 1857-லும் 1861-லும் வந்தது.

யாழ்ப்பாணம், மதுரை வரை நீளும் பணக் கேள்வி

இதே தகராறு பணத்திலும் வந்தது. அமெரிக்க வெளிநாட்டு மிஷன் வாரியம் என்ற அமைப்பு 1810-ல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை செமினரியை 1823-ல் தொடங்கியதும், 1834-ல் மதுரைக்கு வந்து பள்ளிகள் நடத்தியதும் இவர்களின் மிஷன்தான். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வேரும் அதுவே.

இந்த வாரியம் அடிமை எஜமானர்களின் நன்கொடையை வாங்கியது. அமெரிக்கப் பழங்குடியினர் நடுவே அது நடத்திய சபைகளில் அடிமை வைத்திருந்த உறுப்பினர்களும் இருந்தார்கள். காணிக்கையைத் திருப்பிக் கொடுங்கள் என்று அடிமை ஒழிப்பாளர்கள் ஆண்டுதோறும் குரல் கொடுத்தார்கள். வாரியம் மழுப்பியது. வெறுத்துப்போனவர்கள் 1846-ல் அமெரிக்க மிஷனரி சங்கம் என்று தனி அமைப்பு கண்டார்கள். போருக்குப் பின் விடுதலையான கறுப்பின மக்களுக்காக தெற்கெங்கும் பள்ளி, கல்லூரி திறந்தது இந்தச் சங்கம். டென்னசியின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் அதில் ஒன்று. மேலே சொன்ன வெட்டப்பட்ட பைபிளின் பிரதி ஒன்று இருப்பதும் அங்கேதான்.

வடக்கு சபைகள் சுத்தமா?

இல்லை. ஆண்ட்ரூவை விலக்கிய வடக்கு மெதடிஸ்ட் சபையில், பிரிவுக்குப் பிறகும் மேரிலாண்ட் போன்ற எல்லை மாநிலங்களில் அடிமை வைத்திருந்த உறுப்பினர்கள் தொடர்ந்து இருந்தார்கள். எந்த உறுப்பினரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று அந்தச் சபை விதியைத் திருத்தியது 1864-ல். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரியிலேயே வந்துவிட்டது. அரசு முந்திக்கொண்டது, சபை பின்னால் வந்தது.

சபைகளின் பிளவு நாட்டுக்கு என்ன செய்தது? 1850 மார்ச்சில் தெற்கின் பெரிய தலைவர் ஜான் கால்ஹூன், செனட்டில் தன் கடைசிப் பெரிய உரையைத் தந்தார். உடல்நிலை மோசமாக இருந்ததால் இன்னொருவர் வாசித்தார். நாட்டைக் கட்டிவைத்திருந்த கயிறுகளில் முதலில் அறுந்தவை சபைகள்தான் என்று அதில் எடுத்துக்காட்டினார். அவரே அடிமை முறையின் தீவிர ஆதரவாளர். ஆனால் கணிப்பு தப்பவில்லை. தென்பக்கத்துப் போதகரும் வடபக்கத்துப் போதகரும் ஒரே மாநாட்டில் உட்கார்ந்து பேசும் வழக்கம் போனபின், இரண்டு பக்கமும் தங்கள் தரப்பைத்தான் கடவுள் ஆதரிக்கிறார் என்று மறுப்பின்றிப் பிரசங்கிக்க முடிந்தது. போரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1865 டிசம்பரில் 13-வது சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

விடுதலையான மக்கள் எஜமானர்களின் சபைகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியேறி, சொந்த சபைகளைக் கட்டினார்கள். வெள்ளையர் சபைகளின் ஒட்டுவேலை மிக மெதுவாக நடந்தது. வடக்கு, தெற்கு மெதடிஸ்டுகள் 1939-ல் இணைந்தார்கள். அதற்கும் ஒரு விலை. கறுப்பின உறுப்பினர்களை அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் தனிப் பிரிவில் போட்டார்கள். அந்த ஏற்பாட்டை சபை அமைப்பிலிருந்து நீக்க 1968 ஆனது. பிரஸ்பிட்டேரியன்கள் 1983-ல் இணைந்தார்கள். பாப்டிஸ்டுகள் இன்றுவரை இணையவில்லை. தெற்கு பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1995-ல் அடிமை முறையில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

இப்போது பேச்சு மீண்டும் பணத்தில் வந்து நிற்கிறது. லூயிவில்லில் உள்ள தெற்கு பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி 2018-ல் தன் வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. கல்லூரியைத் தொடங்கிய நான்கு பேராசிரியர்களும் சேர்ந்து 50-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்ததை அதிலேயே ஒப்புக்கொண்டது. உங்கள் நிதியில் ஒரு பங்கை அதே ஊரில் உள்ள கறுப்பினக் கல்லூரிக்குக் கொடுங்கள் என்று 2019-ல் கோரிக்கை வந்தது. கல்லூரி மறுத்துவிட்டது.

அதே ஆண்டு பிரஸ்பிட்டேரியன் பாரம்பரியத்தில் வந்த பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி, உதவித்தொகை உள்ளிட்ட திட்டங்களுக்காக 2.76 கோடி டாலர் ஒதுக்கியது. வர்ஜீனியாவில் உள்ள எபிஸ்கோபல் இறையியல் கல்லூரி 17 லட்சம் டாலரில் ஒரு நிதியம் அமைத்து, அடிமைகளாகவும், பிறகு இனஒதுக்கல் காலத்திலும் தன் வளாகத்தில் உழைத்தவர்களின் குடும்பங்களைத் தேடத் தொடங்கியது. 2021-ல் முதல் காசோலைகள் அவர்களின் வாரிசுகளுக்குப் போயின. ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,100 டாலர்.